பயாப்சியில் கிருமி இல்லை என்றால் டிபி இல்லையா?

இருமல் இல்லை, சளி இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ஆள் மெலிந்துகொண்டே போகிறார். கொலோனோஸ்கோபி செய்து, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்த்தால், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள். இந்தியாவில் ஒரு மருத்துவர் இதைப் பார்த்ததும் இரண்டு நோய்களை நினைப்பார். ஒன்று குடல் காசநோய், இன்னொன்று க்ரோன் நோய்.

முதலாவது கிருமியால் வருவது, பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். இரண்டாவது, உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருவது, ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். சிகிச்சையும் நேரெதிர். க்ரோன் என்று நினைத்து டிபி நோயாளிக்கு ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால், கிருமியை ஒரு மூலையில் அடக்கி வைத்திருந்த அந்தச் சக்தி தளர்ந்து, கிருமி உடல் முழுக்கப் பரவலாம். மாற்றி நினைத்தாலும் நஷ்டம்தான். தேவையில்லாத மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்படலாம், அதற்குள் க்ரோன் குடலைச் சுருக்கிவிடலாம்.

சரி, கிருமியைத் தேடிப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்கவே ஒரு மில்லி லிட்டரில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். குடல் புண்ணில் இருப்பவை மிகவும் குறைவு, ஏனென்றால் அங்கே சேதத்தின் பெரும்பகுதியைச் செய்வது கிருமிக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டம்தான். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இதைவிட நுட்பமானது, பாசிட்டிவ் என்று வந்தால் தாராளமாக நம்பலாம், ஆனால் குடல் சதையில் அதுவும் பலமுறை கோட்டை விடுகிறது. டிபி கிருமி உடலில் நுழைந்திருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசியும் இங்கே அதிகம் உதவாது, நோயில்லாமலே உடலில் கிருமியைச் சுமப்பவர்கள் நம்மிடையே அவ்வளவு பேர்.

எனக்கு அதிக ஆதங்கம் தருவது இன்னொரு விஷயம். கொலோனோஸ்கோபியின்போது பயாப்சிக்காக எடுக்கும் சதைத் துணுக்குகள் எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவது உண்டு. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், கூடவே கிருமியையும் கொன்றுவிடும், அப்புறம் அதிலிருந்து கல்ச்சர் செய்யவே, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கவே, முடியாது. சில துணுக்குகளைத் தனியாக சாதாரண சலைனில் (உப்புநீரில்) போட்டு லேபுக்கு அனுப்பினால் போதும். அதனால், ‘டிபி கல்ச்சருக்கும் சாம்பிள் எடுப்பீங்களா?’ என்று கொலோனோஸ்கோபிக்கு முன்பே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் வர ஆறு வாரம்கூட ஆகலாம், இருந்தாலும் கேளுங்கள்.

கிருமி சிக்காதபோது மருத்துவர்கள் தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். டிபி புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றி வளையம்போலக் குறுக்காக ஓடும், சிறுகுடல் வாயிலில் உள்ள வால்வு மூடாமல் திறந்தே கிடக்கும். க்ரோனில் புண்கள் நெடுக்காக, இடையிடையே நல்ல பகுதிகளை விட்டுவிட்டு வரும், ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரமும் வரலாம். சிடி ஸ்கேனில் வயிற்றில் உள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) வீங்கி நடுவில் அழுகியிருந்தால் டிபி பக்கம் சாயலாம். இரண்டிலுமே திசுவுக்குள் கிரானுலோமா எனும் செல் திரட்சிகள் உண்டு. டிபியில் அவை பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நிறைய இருக்கும், க்ரோனில் சிறிதாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

அப்படியும் தெரியாவிட்டால்? டிபி மருந்தையே கொடுத்துப் பார்ப்பார்கள். இதில் ஏமாற இடம் இருக்கிறது, க்ரோன் நோயாளிகளிலும் கணிசமானவர்களுக்கு அந்த மாத்திரையில் வலி குறைகிறது. ஆகவே ‘இப்ப பரவாயில்ல டாக்டர்’ என்று நோயாளி சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆறியிருந்தால் டிபி என்று எடுத்துக்கொண்டு மருந்தை முழுக் காலத்துக்கும் கொடுப்பார்கள். ஆறவில்லை என்றால் அது க்ரோனாக இருக்கலாம், மருந்துக்கு அடங்காத டிபியாகவும் இருக்கலாம். முதலிலேயே சலைனில் அனுப்பிய துணுக்கில் கிருமி வளர்ந்திருந்தால், எந்த மருந்து அதன்மேல் வேலை செய்யும் என்பதையும் லேபிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.