கேம்பிட்: பலியா, இடறலா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடை ஒன்றின் கடைசி மேசையில், போட்டி எதிலும் கலந்துகொண்டிராத இருவர் ஞாயிறு மாலைகளில் சதுரங்கம் ஆடுவதுண்டு. சென்ற வாரம் வெள்ளைக் காய்களை ஆடிய பெரியவர், ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இளைஞரும் அவ்வாறே செய்தார். பெரியவர் அதற்கு இடப்பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, "வெட்டிக்கோ தம்பி, சும்மாத்தான் தர்றேன்" என்றார். "சும்மா யாரண்ணே தருவா?" என்று கேட்டுக்கொண்டே இளைஞர் வெட்டினார். 'குயின்ஸ் கேம்பிட்' எனப்படும் தொடக்கம் இதுவே.

வேகத்தையோ நடுக்கட்டங்களின் பிடியையோ பெறுவதற்காக, ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை, பெரும்பாலும் சிப்பாயை, வெட்டக் கொடுப்பது கேம்பிட். இத்தாலிய மொழியில் 'கம்பா' என்றால் கால். அதிலிருந்து பிறந்த 'கம்பெத்தோ', மற்போரில் எதிராளியின் காலை இடறி வீழ்த்துவதைக் குறித்தது. ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சொல்லைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் இதற்குப் 'பலியாட்டம்' என்ற சொல் வழங்குகிறது. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. பலி என்றால் போனது போனதுதான். இந்தத் தொடக்கத்திலோ, கொடுத்த சிப்பாயைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம். 'ராணியின் பலியாட்டம்' என்று எழுதினால், ராணியையே பலி கொடுப்பதாக வேறு பொருள்படும். உண்மையில் கொடுக்கப்படுவது ராணிப் பக்கத்துச் சிப்பாய் மட்டுமே.

'காலை வாருதல்' என்ற நம் வழக்கு இத்தாலிய மூலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆயினும் அதில் துரோக வாடை வீசுவதால், 'இடறல் திறப்பு' என்பதே தகும் என்பேன். குயின்ஸ் கேம்பிட்டை 'ராணிப்பக்க இடறல்' எனலாம். இடறுவதற்கு உதவும் சிப்பாயின் பழம்பெயரும் 'காலாள்' என்பது தற்செயல்தான். மலாய்க்காரர்கள் சொல்லும் 'பீடாக்'கும், காலாட்படை வீரனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததே.

அன்று இடறல் கண்ணெதிரே நிகழ்ந்தது. வெட்டிய சிப்பாயை விட மனமின்றி, இளைஞர் அதற்குப் பக்கச் சிப்பாயைக் காவல் வைத்தார். அக்காவலுக்கு இன்னொரு சிப்பாயைக் காவல் வைத்தார். பெரியவர் ஓரச் சிப்பாயால் முதற்காவலை வெட்ட, இளைஞர் இரண்டாம் காவலால் திருப்பி வெட்டினார். அதனால் மூலைவிட்டம் முழுதும் திறந்துகொண்டது. பெரியவர் ராணியை இரண்டு கட்டம் சாய்வாக எடுத்து வைத்தார். மறுகோடியில், முன்னே சிப்பாயும் பக்கத்தில் குதிரையும் அடைத்திருக்க, இளைஞரின் யானை அந்த ராணியின் குறியில் சிக்கி, அசைய வழியின்றி நின்றது. அதைக் காக்கக் குதிரையையோ மந்திரியையோ இழப்பதைத் தவிர வேறு வழியில்லை. இளைஞர் ஆறிப்போன தேநீரைக் கையிலெடுத்து, குடிக்காமலேயே கீழே வைத்தார்.