நெஞ்சில் இருப்பது சளி அல்ல, ஆச்சி

இந்த மாதத்தில் இது மூன்றாவது கொரோனா கேஸ். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி, எழுபதைத் தாண்டியவர். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் காரிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியை விரலில் மாட்டினால் 79. நம்பாமல் வேறு விரலில் மாட்டினேன், 78. ஆச்சியோ, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, நெஞ்சுச்சளிதான். நொச்சி போட்டு மூணு வேளையும் ஆவி பிடிக்கிறேன், கரைஞ்சிரும்" என்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில், "ஆத்தாவுக்குச் சளிய உறிஞ்சி எடுத்துட்டாப் போதும்ல டாக்டர்?"

2021 மே மாதத்தில் பட்டது போதாதா நமக்கு?

தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், உறிஞ்சி எடுக்க அங்கே சளியே இல்லை. கொரோனாவில் பெரும்பாலும் வறட்டு இருமல்தான். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள், ஒவ்வொன்றையும் சுற்றி முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய் வலை. நோய் முற்றினால் பைகள் வீங்கி நீர் கசியும், குழாயின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் உறையும். சந்தையில் காய் குவிந்து கிடக்கிறது, ஏற்றிப்போக வண்டி வரும் வழியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது என்றால் என்ன ஆகும்? அதுதான். 2020-ல் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது, ஃப்ளூவில் இறந்தவர்களைவிட நுண்குழாய்களில் 9 மடங்கு உறைகட்டிகள் இருந்தன. பார்த்தது 7 பேரின் நுரையீரல்தான். ஆனால் ஐசியுவில் நாங்கள் கண்டதற்கு அது பொருந்தியது. இந்த அடைப்பை நொச்சி ஆவி போய்க் கரைக்காது. மூக்கடைப்புக்கு இதம், அவ்வளவே. பானை கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களுக்கும் கட்டுப் போட்டிருக்கிறேன்.

"மூச்சு வாங்கலியே?" என்பார்கள். கரியமில வாயு தடையில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தால் மூளை பதறுவதில்லை. ஆக்சிஜன் சத்தமில்லாமல் இறங்கும்.

இதைச் சொன்னால் அடுத்த கூத்து. புதுவயல்காரர் ஒருவர், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த அண்ணனின் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை வாட்ஸ்அப் பார்த்து ஐந்து நாள் விழுங்கிவிட்டு, மலம் தார் போலக் கறுத்து வந்து நின்றார். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ஐயா, நாங்களே அளந்து பயந்து கொடுக்கும் மருந்து அது. வார்டில் இருந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி முழு அளவில் பலன் தந்தது, ஐசியுவுக்குப் போனவர்களுக்குத் தரவில்லை, கசிவுதான் சற்றுக் கூடியது. இது 2021-ல் வந்த பெரிய ஆய்வுகளின் முடிவு. அதே ஆண்டு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்ததில் உயிரிழப்பு குறையவில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்குத்தான். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள்.

உடம்பில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரிப்போர்ட்டை நள்ளிரவில் எனக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள். ஒரு லேபில் 0.5 என்றும் இன்னொன்றில் 500 என்றும் வரும். அலகுதான் வேறு, அளவு ஒன்றே. வயதானால் கூடும், கர்ப்பத்தில் கூடும், எந்தக் கிருமித் தொற்றிலும் கூடும். ஆளைப் பார்க்காமல் அந்த எண்ணை வைத்து நான் என்ன சொல்வது? (அந்தச் சோதனையை எழுதிக் கொடுக்கும் எங்கள் டாக்டர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும்.)

ஆச்சி இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறார். குப்புறப் படுக்கச் சொன்னால் என்னைத் திட்டுகிறார். திட்டட்டும், அப்படிப் படுத்தால் 92 வருகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன். போனில் "மூச்சு நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாத்தான் இருக்கு என்பார்கள். விரல் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நகப்பூச்சைத் துடைத்து, கை ஜில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி மாட்டச் சொல்லுங்கள். 94-க்குக் கீழே என்றால் நடக்கவே விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். அதற்கு மேல் இருந்தால், துணைக்கு ஒருவர் கூட வர, வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றி ஆறு நிமிடம் நடக்கட்டும். நம் வீடுகளில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்? நடந்தபின் 94-க்குக் கீழே போனாலோ மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ அன்றைக்கே கூட்டி வாருங்கள். ஒன்பதாம் நாள்வரை வைத்திருக்காதீர்கள்.