அயனம் என்றால் செலவு

தை முதல் தேதி காலண்டர் தாளைப் பார்த்தால் 'உத்தராயண புண்ணியகாலம்' என்று போட்டிருக்கும், ஆடி முதல் தேதியில் 'தட்சிணாயன புண்ணியகாலம்'. உத்தரம் வடக்கு, தட்சிணம் தெற்கு. அயனம்?

வடமொழியில் அதற்குப் போவது, போகும் வழி என்று பொருள். ராமன் போன கதைதான் ராமாயணம். (உத்தராயணத்துக்கு மூன்று சுழி, தட்சிணாயனத்துக்கு இரண்டு சுழி போடுவது பிழையில்லை, முன்னால் வரும் ரகரம் செய்கிற வேலை அது.)

தமிழில் வடசெலவு, தென்செலவு. செலவு என்றதும் பர்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் செல் என்பதிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவி முகம் வாடியதைப் பார்த்துப் போகாமல் தங்கிவிடுவதை அகத்திணையில் 'செலவழுங்குதல்' என்பார்கள். கையில் இருக்கும் பணமும் போகிற பொருள்தானே!

சரி, போவது யார்? சூரியன் இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பகலும் இரவும் வருகின்றன. அது சுற்றும் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்து, சாய்ந்த திசை மாறாமலே சூரியனை வலம் வருவதால் ஜூனில் வடபாதிக்கு வெயில் அதிகம், டிசம்பரில் தென்பாதிக்கு. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதே ஜனவரித் தொடக்கத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில்.

நம் கண்ணுக்குச் சூரியன் நகர்வதுதான் தெரியும். கிழக்கு பார்த்த வீடாக இருந்தால் மார்கழியில் வாசல் வழியே வரும் காலை வெயில் வடக்குச் சுவர் பக்கம் சாய்ந்து விழும், ஆனியில் தெற்குச் சுவர் பக்கம். இடையில் ஏப்ரல் கடைசியில் ஒருநாள், ஆகஸ்ட் நடுவில் ஒருநாள், சென்னையில் நட்ட கம்புக்கு நண்பகலில் நிழலே இருக்காது.

பாடநூலில் வரும் கதிர்த்திருப்பத்தை அயனத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். பஸ் திரும்பும் இடம் வேறு, பஸ் ஓடும் தடம் வேறு. ஜூன் 21, டிசம்பர் 22 வாக்கில் வருவது திருப்பம்; அதற்கு அப்புறம் ஆறு மாதம் நடப்பது செலவு.

அப்படியானால் வடசெலவு டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறதே, காலண்டரில் ஏன் தை? ஓய்கிற பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று ஆடுகிறது, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. விண்மீன்களை வைத்துக் கணக்குப் போடும் பஞ்சாங்கத்தில் சூரியன் மகர ராசிக்குள் நுழைவதும் இந்தத் திருப்பமும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு ஒரே நாளில் விழுந்தன. இன்று சுமார் 24 பாகை விலகிவிட்டது, ஜோசியர்கள் சொல்லும் அயனாம்சம் இந்த விலகல்தான். தை பிறக்கும்போது சூரியன் வடக்கே கிளம்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.