தாமிரம் செவக்கணும்னா சூளைக்கு மூச்சு முட்டணும்

சீனாவுல ஜிங்தேஜென்னு ஒரு ஊரு, ஆயிரம் வருஷமா அங்க பீங்கான்தான் பொழப்பு. பக்கத்துல காவோலிங்னு ஒரு கிராமம், அங்க எடுத்த வெள்ளை மண்ணுக்கு அந்த ஊரு பேரை வச்சுதான் கயோலின்ங்கிற பேரே வந்துச்சு. அந்த மண்ணோட ஒரு வகை கல்லை இடிச்ச மாவு சேர்த்து பிசைஞ்சு, கையால வனைஞ்சு, 1300 டிகிரி பக்கம் சுட்டா கல்மாவு உருகி கண்ணாடி மாதிரி ஆகி இண்டு இடுக்கெல்லாம் அடைச்சிடும், அதான் லைட்டுக்கு நேரா பிடிச்சா வெளிச்சம் கசியுது. நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடியையும் பீங்கான்னுதான் சொல்றோம், ஆனா அது வேற ரகம்.

இந்த ஊருல ஒரு கதை சொல்வாங்க. ராஜாவுக்கு ரத்தச் சிவப்புல பாத்திரம் வேணுமாம், எத்தனை தடவை சுட்டாலும் நிறம் வரல, தலை போயிடும்னு நிலைமை, கடைசியில குயவரோட பொண்ணு சூளைக்குள்ள குதிச்சிடுறா, மறுநாள் திறந்தா எல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு.

நிஜத்துல அந்த சிவப்பு தாமிரம்தான். மேல பூசுற, சுட்டா கண்ணாடியா மாறுற கிளேஸ்ல துளியூண்டு தாமிரம் கலப்பாங்க, சூளைக்குள்ள காத்து தாராளமா இருந்தா அது பச்சையாயிடும். காத்தை குறைச்சு விறகை அள்ளிப் போட்டா, அடுப்புல காத்து பத்தாம பாத்திரத்து அடி கரி பிடிக்குமே அந்த மாதிரி புகைஞ்சு, நெருப்பு கிளேஸ்ல இருக்கிற ஆக்சிஜனையே பிடுங்கிக்கும். மிச்சமான வெறும் தாமிரம் நானோமீட்டர் கணக்குல குட்டிக்குட்டி துகளா கண்ணாடிக்குள்ள மாட்டிக்கும், அதுங்க பச்சை நீல ஒளியை முழுங்கிட்டு சிவப்பை மட்டும் விடுது. துகள் பெருசாயிட்டா ஈரல் மாதிரி பழுப்பு, சூட்டுல தாமிரம் ஆவியா போயிட்டா வெறும் வெள்ளை. ஆக நாலு பைன் விறகு கூடப் போட்டு காத்துவழியை சுருக்கினா முடியுற வேலை, பாவம் அந்தப் பொண்ணு எதுக்கு!

ஆனா கதை ஏன் பொறந்துச்சுன்னு புரியுது. தெர்மாமீட்டர் கிடையாது, துவாரம் வழியா தீயோட நிறத்தைப் பார்த்தே எல்லாம் கணிக்கணும். ஏழையாகணும்னா லாங் சிவப்பு சுடுன்னு அங்க ஒரு சொலவடையே இருக்கு. லாங் சிவப்புங்கிறது காங்ஷி பேரரசர் காலத்துல (1662–1722) வந்த அடர் சிவப்பு, கிளேஸ் உருகி கீழ வழியறதால ஜாடியோட வாய் விளிம்புல மட்டும் மெல்லிசா வெள்ளை கோடு தெரியும்.

எனக்கு அதைவிட பிடிச்சது அதே காலத்து பீச் பழத்தோல் நிறம். மூங்கில் குழாய்ல மெல்லிசா துணி கட்டி கிளேஸை ஊதி ஊதி பூசுவாங்களாம். சுட்டு எடுத்தா இளஞ்சிவப்பு, நடுவுல அங்கங்க பாசி படிஞ்ச மாதிரி பச்சைப் புள்ளி, பாதி பழுத்த பழமேதான். அந்தப் புள்ளிங்க வேற ஒண்ணுமில்ல, தாமிரத்துக்கு கொஞ்சம் காத்து கிடைச்சிருச்சு.