பேஸ்லிப்பை எடுத்து டாக்ஸ் கோடைப் பாருங்கள்

லண்டனில் கணக்காளராக வேலை செய்கிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள்தான். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று எங்கிருந்து வந்தாலும், அவர்கள் நீட்டும் பேஸ்லிப்பில் என் கண் முதலில் போவது ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் டாக்ஸ் கோடுக்குத்தான். சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் குறியீடு அது. அதைப் பற்றிக் கேட்டால் "அது கம்பெனி போடுறதுதானே, சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். சரியாக இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது, அப்படி நடந்தால் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் இருந்து அதிகப் பணம் போய்க்கொண்டே இருக்கும், நீங்களாகக் கவனிக்கும்வரை அது யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. அந்த ஒரு வருடத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை, 2021இல் இருந்து இதே தொகைதான். இதில் கடைசிப் பூச்சியத்தை எடுத்துவிட்டு எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் வருவதுதான் 1257எல். ஒரே வேலை, வேறு வருமானம் எதுவும் இல்லை, பழைய வரிப் பாக்கியும் இல்லை என்றால் உங்கள் பேஸ்லிப்பில் பெரும்பாலும் இதுதான் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்கு முன்னால் எஸ் வரும், வேல்ஸில் சி வரும். மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு இப்படி: ஏறக்குறைய 1,048 பவுண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேலே வருவதில் பெரும்பாலானவர்களுக்கு 20 சதவீதம் (ஸ்காட்லாந்தில் மட்டும் விகிதங்கள் வேறு). அரசுப் பென்ஷன் போன்றவற்றுக்காகப் பிடிக்கும் நெஷனல் இன்சூரன்ஸ் தனி, அதற்கும் இந்தக் கோடுக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பிடித்தத்தைப் பார்த்துவிட்டு டாக்ஸ் கோட் தப்பு என்று நினைக்க வேண்டாம்.

நான் அதிகம் பார்க்கும் சிக்கல் 1257எல் என்பதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எம்1, டபிள்யூ1, எக்ஸ் ஆகிய குறிகள். பலர் 1257எல் இருக்கிறது, சரிதான் என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் சாதாரண 1257எல் வேலை செய்யும் விதம் வேறு. அதில் சம்பளக் கணக்குப் போடும் பேரோல் மென்பொருள் ஒவ்வொரு மாதமும் ஏப்ரல் 6இல் இருந்து நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தையும், அதுவரை சேர்ந்திருக்கும் வரியில்லாத தொகையையும் கூட்டிப் பார்த்து, கட்ட வேண்டிய மொத்த வரியில் ஏற்கெனவே பிடித்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும், கூடுதலாகப் பிடித்திருந்தால் திருப்பியும் கொடுக்கும். எம்1 போட்டால் பின்னால் திரும்பிப் பார்ப்பது நின்றுவிடும், அந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும். டபிள்யூ1 வாரச் சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்கிறது. எக்ஸும் அதே வகைதான்.

இதனால் எவ்வளவு போகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். சென்னையில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ வந்து அக்டோபரில் ஒரு கேர் ஹோமில் சேர்கிறீர்கள், மாதம் 2,000 பவுண்ட், இங்கே வேறு வருமானம் இல்லை. மார்ச் வரை ஆறு மாதத்தில் மொத்தம் 12,000. இது 12,570க்குக் கீழே, பாதி வருடத்தில் வந்தீர்கள் என்பதற்காக அந்த வரம்பை யாரும் பாதியாக்குவதில்லை, அதனால் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி பூச்சியம். சாதாரண 1257எல் இருந்தால் அப்படியே பூச்சியமாகத்தான் வரும். எம்1 ஒட்டியிருந்தால் மாதம் சுமார் 190 பவுண்ட் பிடிப்பார்கள், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 1,140. பிஆர் என்ற கோட் விழுந்திருந்தால் முதல் பவுண்டில் இருந்தே 20 சதவீதம், மாதம் 400, மொத்தம் 2,400 பவுண்ட். புதிதாக வந்து வாடகைக்கு அட்வான்ஸ் கட்டவே திண்டாடும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பணம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கோட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் வேலையில் சேர்ந்த முதல் நாள் நீங்கள் அவசரத்தில் நிரப்பிய ஒரு படிவத்தில் இருந்துதான். வேலையை விடும்போது பழைய முதலாளி தரும் பி45 என்ற சான்று கையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒன்றைத் தருவார்கள். அதில் உங்கள் பதிலைப் பொறுத்து ஏ, பி, சி என்ற மூன்று நிலைகளில் ஒன்று அமையும். இந்த ஏப்ரலில் இருந்து இதுதான் முதல் வேலை என்றால் ஏ, உங்களுக்கு முழு 1257எல் கிடைக்கும். முன்பு ஒரு வேலை இருந்தது, இப்போது இல்லை என்றால் பி, எம்1 ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வேலையோ பென்ஷனோ இப்போதும் இருக்கிறது என்றால் சி, பிஆர் விழும். படிவத்தையே கொடுக்காமல் விட்டால் 0டி, பூச்சியம் முன்னால் வரும் கோட், வரியில்லாத தொகை ஒரு பைசாகூடக் கிடையாது. மானேஜர் "சும்மா ஒரு டிக் போடுங்க" என்று நீட்டினாலும் நின்று படித்துப் பார்த்து நிரப்புங்கள், உங்களுக்காக வேறொருவர் நிரப்பிக் கொடுக்க விடாதீர்கள்.

இரண்டு வேலை செய்பவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்களுக்கு இரண்டாவது வேலையில் பிஆர் இருப்பது தப்பில்லை, முதல் வேலையிலேயே 12,570 முழுவதும் தீர்ந்துவிட்டால் அதுதான் சரியான கோட். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், முதல் வேலையில் சம்பளம் குறைவாக இருக்கும்போது. காலையில் சூப்பர்மார்க்கெட்டில் வருடத்துக்கு 8,400, மாலையில் பெட்ரோல் ஸ்டேஷனில் 10,800 வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வேலையில் வரியே இல்லை, ஆனால் அங்கே 4,170 பவுண்டுக்கான வரியில்லாத சலுகை பயன்படாமல் கிடக்கிறது, மாலை வேலையிலோ பிஆரில் 2,160 பிடித்துவிடுகிறார்கள். அவர் உண்மையில் கட்ட வேண்டியது 1,326 மட்டுமே, 834 பவுண்ட் அதிகமாகப் போகிறது. பிரிட்டன் வரித்துறையான ஹெச்எம்ஆர்சியிடம் கேட்டால் அந்தச் சலுகையை இரண்டு வேலைக்கும் பிரித்துப் போடுவார்கள். கேட்கலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அதில் மாட்டியவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். இரண்டு வேலையிலும் 1257எல் ஓடும், கையில் நல்ல சம்பளம் வரும், வரியாண்டு முடிந்த பிறகு பி800 என்ற கடிதம் வந்து 2,514 பவுண்ட் வரை பாக்கி என்று சொல்லும். பெரும்பாலும் ஒரேயடியாகக் கேட்க மாட்டார்கள், பின்னால் வரும் ஒரு வரியாண்டின் கோடைக் குறைத்து மெல்ல எடுத்துக்கொள்வார்கள். 600 பவுண்ட் பாக்கி என்றால் சலுகையில் 3,000 (அதன் 20 சதவீதம்தான் 600) குறைந்து உங்கள் கோட் 957எல் ஆகிவிடும். அதனால் எண் சின்னதாக இருந்தால் உடனே தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், பழைய பாக்கியோ, கம்பெனி தரும் கார், மருத்துவ இன்சூரன்ஸ் போன்ற வசதிகளோ, பாங்க் வட்டியோ காரணமாக இருக்கலாம். எண்ணுக்கு முன்னால் கே வந்தால் இந்தக் கழிவுகள் வரியில்லாத தொகையையே தாண்டிவிட்டன என்று பொருள். எம் அல்லது என் என்ற எழுத்தில் முடிந்தால் கணவன் மனைவிக்கு இடையே 1,260 பவுண்ட் சலுகை மாற்றப்பட்டிருக்கிறது, அதில் வருடத்துக்கு 252 பவுண்ட் வரை மிச்சமாகும், ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்கும் வீடுகள் அவசியம் விசாரித்துப் பாருங்கள்.

சரி, தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? பேரோல் ஆளிடம் சண்டை போட்டுப் பயனில்லை, ஹெச்எம்ஆர்சியிடம் இருந்து அறிவிப்பு வராமல் அவர்களாகக் கோடை மாற்ற முடியாது. ஹெச்எம்ஆர்சி ஆப்பிலோ இணையத்தில் உள்ள உங்கள் பர்சனல் டாக்ஸ் அக்கவுண்டிலோ நுழைந்து அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டைக் கட்டாயம் கவனியுங்கள். ஒன்று, நீங்கள் எப்போதோ விட்ட வேலை இன்னும் நடப்பு வேலையாக அங்கே நிற்கிறதா என்று. பழைய முதலாளி நீங்கள் விலகிய தேதியை அனுப்பாமல் விட்டிருப்பார், ஹெச்எம்ஆர்சி உங்களுக்கு இரண்டு வேலை என்று நினைத்துப் புது வேலைக்கு பிஆர் கொடுத்திருக்கும், நான் பார்க்கும் பல கேஸ்களுக்குக் காரணம் இது ஒன்றுதான். அப்புறம், வருடச் சம்பளம் இவ்வளவு வரும் என்று அவர்கள் போட்டு வைத்திருக்கும் மதிப்பீடு உண்மைக்குக் கிட்டே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் நீங்களே அங்கே திருத்தலாம். வரியாண்டு நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திவிட்டால், புதுக் கோட் பேரோலுக்குப் போனதும், அதில் எம்1 இல்லாவிட்டால், அதிகமாகப் பிடித்த பணம் அடுத்த சம்பளத்தோடு தானாகத் திரும்பி வரும்.

இதற்கு ஏஜென்ட் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வரும் பணத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும் ரீஃபண்ட் கம்பெனிகளிடம் கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒரு தடவை முயன்று பாருங்கள். ரீஃபண்ட் இருக்கிறது என்று லிங்க்கோடு வரும் குறுஞ்செய்தியைத் தொடவே வேண்டாம், அது மோசடி.

முடிந்துபோன வருடங்களையும் விட்டுவிடாதீர்கள், நான்கு வருடம் வரை பின்னால் போய்க் கேட்கலாம். 2022-23இல் அதிகமாகக் கட்டியிருந்தால் 2027 ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது. அதற்கு பி60, அதாவது அந்த வரியாண்டின் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் வேண்டும், ஒவ்வொரு மே மாத முடிவுக்குள் முதலாளி அதைக் கொடுத்தாக வேண்டும், வாங்கி வையுங்கள். படிப்பு முடிந்து வருடத்தின் நடுவில் ஊருக்குத் திரும்பும் மாணவர்களுக்கும் பல சமயம் பணம் திரும்பி வர வேண்டியிருக்கும். கிளம்பும்போது பி45ஐக் கேட்டு வாங்கி, நாட்டை விட்டுப் போவதைத் தெரிவிக்கும் பி85 என்ற படிவத்தை ஹெச்எம்ஆர்சிக்கு அனுப்புங்கள், ஊருக்குப் போன பிறகும் அனுப்பலாம்.