பெரிய இலையை விடுங்கள், தலையைக் கிள்ளுங்கள்

புரட்டாசி பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசந்தம். பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடுகளில் மீனும் கறியும் மறைந்துவிடும், வாசல் துளசி புதிதாகத் துளிர் விடும். இந்தச் சமயத்தில்தான் இங்குள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா ஒரு படம் அனுப்பினார். துளசிக்குப் பக்கத்துத் தொட்டியில் பேசில் செடி. பழைய பெயர் சொன்னால் திருநீற்றுப்பச்சிலை. நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் பாம்பே கிரஷ்ஷில் வழுவழுவென்று மிதக்கிற சப்ஜா விதை இதனுடையதுதான். படத்தில் இருந்ததைச் செடி என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு குச்சி, அதன் உச்சியில் கொஞ்சம் இலை.

“தம்பி, வெயில் படுது, தண்ணி ஊத்துறேன். உயரமா போகுது, ஆனா ஒரு சட்னிக்கு இலை தேற மாட்டேங்குது” என்றார். எப்படிப் பறிக்கிறீர்கள் என்று கேட்டேன். அடியில் இருக்கிற பெரிய இலைகளை மட்டும் பறிப்பாராம். “கொழுந்தைக் கிள்ளினா செடிக்குப் பாவமில்லையா?”

கோளாறு அங்கேதான். அக்கா இரக்கப்பட்டுச் செய்த காரியம் செடிக்கு இரட்டை அடி.

பேசிலின் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். துளசி, புதினா எல்லாம் அப்படித்தான், ஒரே குடும்பம். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை. அடுத்த கணுவில் அந்த ஜோடி குறுக்காகத் திரும்பி நிற்கும். இலை தண்டோடு சேர்கிற மூலையை உற்றுப் பார்த்தால் கடுகை விடச் சிறிய பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அதுதான் கோணமொட்டு, ஒரு முழுக் கிளை சுருண்டு தூங்குகிற இடம். தூங்க வைப்பது உச்சியில் இருக்கும் நுனி. பள்ளியில் நுனி ஆதிக்கம் என்று படித்திருப்பீர்கள். நுனியில் உண்டாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி மொட்டுகளை அடக்கி வைக்கிறது. 1933-இல் தீமன், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் தலையை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்ஸினைத் தடவினார்கள். தலை போன பிறகும் மொட்டுகள் அடங்கியே கிடந்தன. சரி, கதை முடிந்தது என்று பாடப்புத்தகம் மூடிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆக்ஸின் தண்டில் மிக மெதுவாக நகரும், மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. அப்படியென்றால் தலை போன செய்தி 30 செ.மீ. கீழே உள்ள மொட்டுக்குப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் பட்டாணிச் செடியின் தலையைக் கிள்ளிவிட்டுக் கேமரா வைத்துப் பார்த்தால், தொலைவில் இருக்கும் மொட்டு சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. அதன் பக்கத்தில் ஆக்ஸின் இன்னும் குறையவே இல்லை! யார் போய்ச் சொன்னது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக் குழு 2014-இல் வெளியிட்ட விடை: சர்க்கரை. வளரும் நுனி பெரும் தீனிக்காரன். இலைகள் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்கிறது, மொட்டுக்கு மிச்சம் வருவதில்லை. நுனியைக் கிள்ளிய மறுகணம் சாப்பிட ஆளில்லாத சர்க்கரை, ஆக்ஸினைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடி மொட்டுகளை அடைகிறது. மொட்டு விழிக்கிறது. தலையை வெட்டாமலே செடிக்குச் சர்க்கரைக் கரைசல் ஊட்டிப் பார்த்தார்கள், அப்போதும் மொட்டு கிளம்பியது. எழுந்த மொட்டு தொடர்ந்து கிளையாக வளர்வதில் ஆக்ஸினுக்குப் பங்கு உண்டு, ஆனால் முதலில் தட்டி எழுப்புவது சர்க்கரை. 1860 முதல் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குக் கப்பலேறி வந்து கரும்பு வெட்டிய பரம்பரைக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வராதா?

‘பட்டாணித் தலையைக் கிள்ளிவிட்டு மொட்டை அளப்பதற்கா வரிப்பணம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குத்தான் என்பேன். கிளையின் கணக்குத் தெரியாமல் விளைச்சலின் கணக்கு தெரியாது.

இப்போது அக்காவின் தொட்டிக்கு வருவோம். பெரிய இலைகள்தான் சர்க்கரை ஆலை. அவற்றைப் பறித்து, தீனிக்காரனை மட்டும் உச்சியில் விட்டுவைத்தால் மொட்டு எப்படி எழும்? மூன்று, நான்கு ஜோடி இலை வந்ததும், கீழே இரண்டு ஜோடியாவது இருக்கும்படி, ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். அவை ஆளுக்கு இரண்டு, மூன்று ஜோடி விட்டதும் மறுபடி கிள்ளினால் நான்கு, அப்புறம் எட்டு, பதினாறு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கிள்ளிய கொழுந்துதான் சட்னிக்கு. வாசனை எண்ணெய்ச் சுரப்பிகள் இளம் இலையில்தான் நெருக்கமாக இருக்கும்.

பூக்கதிர் தலைகாட்டினால் உடனே ஒன்றிரண்டு கணு கீழே போய் வெட்டிவிடுங்கள். பூவாக மாறிய நுனி அதற்கு மேல் இலை விடாது. சப்ஜா வேண்டும் என்றால் ஒரு செடியை மட்டும் பூக்க விடலாம்.

துளசிக்கும் இதே கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை பறிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சண்டை இல்லை, செடிக்கு ஒரு நாள் ஓய்வு. ஆனால் வீட்டு விலக்கான பெண் தொட்டால் துளசி வாடிவிடும் என்று என் ஆயா காலத்திலிருந்து சொல்கிறார்களே, அது பச்சைப் பொய். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான், அந்த மூன்று நாள் அவளைத் தொட விடுவதில்லை, வேறு யாரும் ஊற்றுவதுமில்லை, வாடாமல் என்ன செய்யும்?

அக்கா பயந்துகொண்டே ஒரு கொம்பைக் கிள்ளினார். கிள்ளியதைத் தூக்கிப் போட மனம் வராமல் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்திருக்கிறார். அதன் நுனி இன்னும் ஆக்ஸினைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும் அதே ஆக்ஸின் அங்கே வேரைக் கிளப்பும். எட்டாம் நாள் வந்த படத்தில் வெள்ளை நூல் மாதிரி நாலைந்து வேர். “தம்பி, இதுக்கு எப்போ தலையைக் கிள்ளணும்?” என்று கேட்டிருந்தார்.