ரொமான்டிக் டிராமா: தமிழில் என்ன சொல்வது?

காதல் நாடகம். இந்தச் சொல் போதும், புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

'ரொமான்ஸ்' முதலில் காதலைக் குறிக்கவே இல்லை. பழைய பிரெஞ்சில் அது லத்தீன் அல்லாத, சாதாரண மக்கள் பேசிய மொழியின் பெயர். அந்த மொழியில் எழுதிய வீரர் கதைகளுக்கும் அப்புறம் அதுவே பெயரானது. அக்கதைகளில் காதல் ஏற ஏற, சொல்லும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சில் இன்றும் 'ரொமான்' என்றால் நாவல்தான். 'டிராமா' கிரேக்கச் சொல், வேர்ப்பொருள் 'செய்தல்'.

நம்மிடம் வந்த ரொமான்ஸ் சுருங்கிப்போனது. 'ரொமான்ஸ் சீன்' என்றால் இருவர் நெருங்கி நிற்கும் காட்சி, அவ்வளவுதான். காதல் அதைவிடப் பெரிய சொல். பழந்தமிழில் மகனையும் 'காதலன்' என்றார்கள். 'நாடகம்' தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து வீடுகளில் டிவி சீரியலுக்கும் அதுதான் பெயர்.

இராமநாதபுரம் பக்கம் ஊர்த் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகம். ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நடக்கும். முருகன் வள்ளியைக் கைப்பிடிப்பார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் தர்க்கக் கட்டம் வரும்வரை கூட்டம் கலையாது. ஆர்மோனியம் சுதி ஏற்றும். முருகனாக வரும் ராஜபார்ட் கேள்வி போடுவார். வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் பாட்டாலேயே மடக்குவார். பாயில் சாய்ந்திருந்த அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, வெற்றிலையை மெல்லுவதையும் நிறுத்திவிடுவார். சேர்வது தெரிந்த கதைதான். சேரவிடாமல் இழுத்துக்கொண்டே போகிற அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை பேர் கண்விழிக்கிறார்கள்.

இந்த இழுவைக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு. நெய்தல் நிலத்துக்கு, அதாவது இந்தக் கடற்கரைக்கு, இலக்கணம் வகுத்த உரிப்பொருள் (அந்த நிலத்துக்கே உரிய உணர்வு) இரங்கல்: பிரிந்தவரை நினைத்து மனம் வருந்துதல். காதல் நாடகத்தின் உயிர் எது என்று கேட்டால் நான் இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன்.

பாம்பனில் ஒரு வீடு. இரவு நாடகம் ஓடுகிறது. திரையில் அவன் ஊரைவிட்டுப் போகிறான், அவள் அழுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கடல் பக்கம் காதைக் கொடுக்கிறார்.

"இன்னும் வள்ளத்துச் சத்தம் கேக்கலையே… வந்துருவாக."